இன்னும் விழாத ஷெல்

சுவிட்சர்லாந்தின் சூக் நகரில் லூசியா துப்புரவு செய்யப்போகும் வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு போர்க்கப்பல் நின்றது. முதலாம் உலகப்போர்க் காலத்துக் கப்பலின் சிறிய மாதிரி. அதன் பெரிய பீரங்கிகள் அவளுடைய சுண்டுவிரல் அளவுதான். எப்போதும் சுவரைப் பார்த்தபடி இருக்கும்.

இன்று காலை அவை யன்னல் பக்கம் திரும்பியிருந்தன. வீட்டுக்காரர் லீவில் போயிருந்தார். பெட்டி பூட்டியபடியே இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவள் திரும்பியதும் பின்னால் 'தும்' என்றது. சண்டைக் காலத்தில் மன்னாரில் கடலிலிருந்து நேவி ஷெல் அடிக்கும்போது கேட்ட அதே சத்தம். லூசியா குப்புற விழுந்து, செவிப்பறை கிழியாமலிருக்க அப்பா பழக்கியபடி வாயைத் திறந்துகொண்டாள். எதுவும் வெடிக்கவில்லை. பெட்டியின் உட்புறம் மட்டும் புகை படிந்திருந்தது.

மாலையில் கணவன் பேர்சியிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"ஷெல் குழலாலை வெளிக்கிட்ட சத்தமோ, விழுந்த சத்தமோ?"

"வெளிக்கிட்டது. இன்னும் விழேல்லை."

"குழல் எந்தப் பக்கம் பாத்தது?"

"யன்னல் பக்கம். அதுக்குள்ளால எங்கட பில்டிங் தெரியும்."

பேர்சி எழுந்தான். மகள் கட்டிலில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, அவளோடு சேர்த்தே கட்டிலை யன்னலோரத்திலிருந்து உள்சுவருக்கு இழுத்தார்கள். ஏன் என்று அவள் ஜேர்மனில் கேட்டாள்.

"ஒண்டுமில்லை பிள்ளை," என்றான் பேர்சி. "வாயை மட்டும் திறந்து வைச்சிரு."