ஒரு ஸ்பூன் உப்பு

என் மனைவி இசைமதி இறந்தபின் நான் குடியில் விழுந்தேன். மருத்துவமனையில் கையில் ஒட்டிய மருந்துப் பட்டை மூளையின் ஹார்மோன்களை மாற்றி, குடியின் சுகத்தை எடுத்துவிட்டது. மற்ற சுகங்களும், பிடித்தது பிடிக்காதது என்பதும் கூடவே போயின. எட்டு மாதமாக மாமியார் எதைப் பரிமாறினாலும், "நல்லாருக்கு அத்தை" என்று சாப்பிட்டேன்.

இன்று மத்தியானம் முதல் வாயிலேயே நிறுத்தினேன்.

"அத்தை, குழம்பு ஒரே உப்பு. வாயில வைக்க முடியல."

கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மாசமா வெள்ளிக்கிழமை தவறாம உங்களுக்கு மட்டும் ஒரு ஸ்பூன் கூடப் போடுறேன் மாப்ள. பிரஷர் வந்துடுமோன்னு வேற பயம். எதையாவது பிடிக்கலன்னு நீங்களே சொன்னா, பட்டையை எடுத்துடலாம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு குழம்பு கொண்டுவர எழுந்தார்.

வேண்டாமென்றேன். தண்ணீரைக் குடித்துக் குடித்து முழுவதையும் சாப்பிட்டேன்.