இரண்டாவது பிரதி

கப்பல் தட்டில் நின்று கோணேசர் மலையைக் கும்பிட்டுவிட்டு யோகமலர் நேரே என்னிடம் வந்தார்.

"ஐயா, செக்கிங் மேசையில நேவிக்காரர் சீடியை எடுத்துப்போட்டாங்கள். பரவாயில்ல, உங்களிட்டத் தந்தது இருக்குத்தானே?"

கையை நீட்டினார்.

யோகமலரை எனக்கு இரண்டு நாளாகத்தான் தெரியும். யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்த 2007ஆம் ஆண்டு. கப்பலுக்காகத் திருகோணமலையில் காத்திருந்தபோது பக்கத்துக் கதிரையில் இருந்தவர். கணவர் காசிநாதரை வைத்தியத்துக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்து, சாம்பல்தீவில் இளைய மகள் வீட்டில் பறிகொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

மூத்த மகள் யாழ்ப்பாணத்தில். அவளுக்கு வெளியே வர ஆமிப் பாஸ் கிடைக்கவில்லை. தகப்பனின் முகத்தைப் பார்க்காமலே செத்தவீடு முடிந்துவிட்டது.

அவளுக்குக் காட்டத்தான் படங்கள்.

இளைய மருமகன் இரவல் கமராவில் எடுத்தவை. காசிநாதர் கட்டிலில் சாய்ந்திருந்து கஞ்சி குடிக்கிறார். பேரனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். கடைசிப் படங்களில் பெட்டிக்குள் கிடக்கிறார். மருமகன் எல்லாவற்றையும் ஒரு சீடியிலும் மெமரி காட் ஒன்றிலும் பதிந்தார். கமராவில் இருந்ததை அழித்துவிட்டு உரியவரிடம் கொடுத்தார். ஆமியின் சுற்றிவளைப்பில் அகப்பட்டால் விசாரணை, தலையிடி என்று வீட்டில் ஒன்றும் வைக்கவில்லை.

ரெண்டையும் ஒரே ஆள் கொண்டுபோகக் கூடாது மாமி என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான். ஒன்று பிடிபட்டாலும் மற்றது போய்ச் சேருமாம்.

மற்ற ஆளாக யோகமலர் என்னைத் தெரிந்தெடுத்தார்.

நான் கல்விக் கந்தோர்க் கிளாக்கர். பையில் அரசாங்கக் கடிதம் இருந்தது. சிங்களமும் கதைப்பேன். தபால் முத்திரை அளவான அந்த மெமரி காட்டை அவர் கலண்டர்த் தாளில் மடித்து நீட்டியபோது, "எனக்கென்ன பயம், தாங்கோ" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொல்லித்தான் வாங்கினேன்.

இப்போது அவருடைய கை நீட்டியபடியே இருந்தது.

"என்னட்டயும் எடுத்துப்போட்டாங்கள்" என்றேன்.

கை உடனே இறங்கவில்லை. பிறகு அதே கையால் கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அழுவார் என்று நினைத்தேன். ஏசினாலும் ஏசட்டும் என்றிருந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"உங்களுக்கு அடிச்சவங்களோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்ப எப்படிக் குடுத்தனீங்கள் என்று கேட்பார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஐயோ, என்னாலதானே. அந்த மேசையில இருந்த கண்ணாடி போட்ட நேவிப் பெடியனோ?"

"ஓம்."

அந்தப் பெடியன் நாசமாய்ப் போகவேண்டும் என்று சாபம் போட்டார். ஏன் உங்களிடம் தந்தேன், தெரியாத ஒரு மனுசரை வருத்தத்துக்குள்ளே தள்ளினேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். என் பையைப் பறித்துத் தானே தூக்கினார். நிழலில் ஒரு இடம் பார்த்து, அங்கே இருந்தவர்களை ஒதுங்கச் சொன்னார். இந்த ஐயாவுக்கு அடிச்சுப்போட்டாங்கள் என்றார்.

ஒதுங்கினார்கள். ஒருவர் தண்ணீர்ப் போத்தல் தந்தார்.

யோகமலர் தனக்கென்று கட்டிவந்த பாண் துண்டுகளையும் சம்பலையும் என் மடியில் வைத்தார். நான் சாப்பிட்டேன். கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

அவர் அதற்குப் பிறகுதான் அழுதார். என்னைப் பார்க்காமல், அங்கால் திரும்பி இருந்து.

அடுத்த நாள், கப்பலால் இறங்கிய எங்களை யாழ்ப்பாணத்தில் பஸ் இறக்கிவிட்ட இடத்தில் மூத்த மகள் சைக்கிளோடு நின்றாள். தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். படங்கள் எங்கே என்று கேட்டிருக்கவேண்டும். தாய் அவளுடைய காதுக்குள் ஏதோ சொல்லி, என் பக்கம் கையைக் காட்டினார்.

மகள் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அப்பாவுக்காக அடி வாங்கினீங்களாம்."

கையெடுத்துக் கும்பிட்டாள்.

நானும் கும்பிட்டேன்.

என்னை யாரும் அடிக்கவில்லை.

கண்ணாடி போட்ட பெடியன் என் கந்தோர்க் கடிதத்தை வாசித்தான். பையைத் திறக்கவே இல்லை. "சரி, போங்க மாத்தயா" என்று அரைகுறைத் தமிழில் மரியாதையாகச் சொல்லி, கடிதத்தை இருந்தபடியே மடித்துத் தந்தான்.

அப்போது மெமரி காட் என்னிடம் இல்லை.

அதற்குக் கொஞ்சம் முந்தி, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவரை விசாரிக்கவென்று அப்பால் கூட்டிப்போனார்கள். எதற்கென்று யாருக்கும் தெரியாது. என் கையில் கடதாசிக் கப்பில் குடித்து முடிக்காத பிளேன்ரீ. காட்டை அந்தக் கப்புக்குள் போட்டேன். கப்பை நசுக்கிக் குப்பைப் பீப்பாவுக்குள் எறிந்தேன்.

அந்த மனிதர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து பழையபடி தன் இடத்தில் நின்றார். பேரில் ஏதோ எழுத்துப் பிழையாம்.

பீப்பா எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் வரிசை நகரவேயில்லை.