ஏழாம் எண் முகமூடி

ஹெப்பகோடியில் ஒரு முலாம் பூசும் ஆலையில் இளவேனில் பாதுகாப்பு அதிகாரி. அமிலத் தொட்டி அறைக்குள் போகிற எட்டுப் பேரும் முகம் முழுவதையும் மூடும் முகமூடி அணிய வேண்டும் என்பது விதி. எட்டு முகமூடிகளும் கண்ணாடி அலமாரியிலேயே தொங்கின. இருவருக்கு மூக்கினுள் புண்ணே வந்துவிட்டது.

"போட்டா மூச்சு முட்டுது மேடம். இன்ஸ்பெக்டர் வர்றப்ப மாட்டிக்கிறோம், விடுங்க," என்றார் சூப்பர்வைசர் மதலைமுத்து.

"யாருமே போடலன்னா ஏழாம் நம்பர் ஃபில்டர் மட்டும் எப்படிண்ணா வாராவாரம் தீருது?"

"எவனோ ஓசியில மூச்சு வாங்கறான் போல."

மூன்று மாதங்களில் பதின்மூன்று ஃபில்டர்கள் மாற்றியிருந்தாள். அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அப்போதும் தீர்ந்தது. மற்ற ஏழும் வாங்கியபோது இருந்தபடியே இருந்தன.

மறுநாள் ஆய்வு. எட்டுப் பேரும் முகமூடி அணிவதாகப் படிவத்தில் எழுதச் சொல்லி முதலாளி இரண்டு முறை போன் செய்துவிட்டார். கையெழுத்து மட்டும் அவளுடையது.

அன்று மதியம் கேன்டீனில் எட்டுப் பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்துவிட்டு அலமாரிக்கு வந்தாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. ஏழாம் எண் முகமூடியின் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்தது. மெல்ல மறைந்தது. மறுபடியும் படிந்தது.

பிறகு படிவத்தை எடுத்து, முகமூடி அணிவோர் எண்ணிக்கை என்ற இடத்தில் 'ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.