கருத்து வரும்வரை

வீட்டில் இருந்தவர்கள்: பூங்காவனம், அவள் கணவன் தணிகாசலம், கூடத்தில் பாய் விரித்துத் தங்கிவிட்ட கருத்துக்கணிப்பு அலுவலர் ஜெயசீலன். பூங்காவனத்தின் உண்மையான கருத்து கிடைக்காமல் அவர் கிளம்பக் கூடாது. சட்டம் அப்படி.

மேம்பாலம் வேண்டுமா என்பதுதான் கேள்வி. வேண்டும் என்றாலும், வேண்டாம் என்றாலும், மனதில் இல்லாததைச் சொல்கிறாள் என்று அவர் கொண்டுவந்திருந்த, பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி சிவப்பாக எரிந்தது. தெரியாது என்ற பதிலுக்கு அதில் இடமே இல்லை.

"பாலம் எங்க சார் வருது?"

"விளக்கம் சொன்னா என் வேலை போயிடும்மா."

"சரி, பொங்கலுக்கும் இங்கயே இருங்க. இன்னிக்கும் உப்புமாதான்."

ஜெயசீலன் கருவியை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க மொட்டைமாடி மேலதான்."

மறுபடி கருவியை இயக்கி, அதே கேள்வியைக் கேட்டார்.

"வேணாம்," என்றாள். பச்சை எரிந்தது.

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கினார். பூங்காவனம் பெருமூச்சு விட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.