கட்டைவிரல் அளவு

ஆய்வுக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் அவள் உலோகத் தகட்டின்மேல் ஒட்டிய ஒட்டுநாடாவை மெல்ல உரிக்கிறாள். முறிந்த எலும்போடு சேர்த்து உள்ளே வைக்கிற தகடு இது. கிருமி அண்டாதிருக்க அதன்மேல் மெல்லிய பாலிமர் பூச்சு. நாடாவை இழுக்கும்போது பூச்சு கூடவே வராமல் உலோகத்தைப் பிடித்துக்கொண்டால் தேறிவிட்டதென்று அர்த்தம். நாடா சரசரவென்று வருகிறது, ஓர் இடத்தில் மட்டும் சத்தமே இல்லை. தூக்கிப் பார்க்கிறாள். நீலம் பாய்ந்த பூச்சு அந்த இடத்தில் அப்படியே உரிந்து வந்திருக்கிறது, உள்ளே வளைவு வளைவாக ரேகைகள். கட்டைவிரல். பூசுவதற்கு முன்னால் யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள். விரலின் எண்ணெய்ப்பசை ஒன்று போதும், இத்தனை நாள் பாடும் பாழ். "விரல் ரேகைடி," என்று குரல் கொடுக்கிறாள். "யாருடி கை வெச்சது?" என்று உள்ளறையிலிருந்து தோழி கத்துகிறாள். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளுடைய அப்பா, மடியில் ஊன்றுகோல். முன்பு அவர் காலுக்குள் வைத்த இதே மாதிரித் தகட்டில் சீழ் பிடித்து, மறுபடி திறந்து எடுத்ததில் ஒரு கால் குட்டையாகிவிட்டது. நேற்று மகளுக்காகக் காத்திருந்தபோது, கழுவி உலரவைத்த தகடுகள் அவர் பக்கத்தில்தான் இருந்தன.

"தூசியா இருந்துச்சும்மா," என்கிறார் மெதுவாக. "சட்டையாலயே நல்லாத் துடைச்சு வெச்சேன். இப்ப ஒட்டிக்கிச்சா?"

அவர் காலுக்குள் போன தகட்டில் யார் கை பட்டதென்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவள் நாடாவை உள்ளங்கைக்குள் மடித்துக்கொள்கிறாள்.

"நான்தான்டி," என்கிறாள் உள்ளறையைப் பார்த்து.