சென்சார் மூடி

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்களா!"

மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்தவள், ஆய்வுக்கூட வாசலிலேயே நின்று கத்தினாள். பக்கத்து மேசைக்காரர் கையில் அவளுடைய சென்சார்!

மனுஷன் திருதிருவென்று விழித்தார். வாயைத் திறக்கவில்லை. என்றைக்குத்தான் திறந்தார்? சரியான ஊமைக்கோட்டான் என்று அவள் வந்த புதிதிலேயே சொன்னாள். யார் கேட்டார்கள்?

இருவரும் ஆளுக்கொரு சென்சார் வடிவமைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கிற மெஷினுக்குள் போகும் திரவத்தில் அமிலம் கூடிற்றா, குறைந்ததா என்று சொல்ல வேண்டியது அது. நுனியில் ஒரு கண்ணாடிக் குமிழ். எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்தால் போச்சு, வாய்க்கு வந்த அளவைச் சொல்லும்.

அவளுடையது மட்டும் விதிவிலக்கு. ஒரு மாதமாக ராத்திரியெல்லாம் மூடாமல் காயப்போட்டும், காலையில் அளவு துல்லியமாக இருந்தது. அதனால்தான் முதலாளி அவளுடையதைத் தேர்ந்தெடுத்தார். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு முதல் பெட்டி சென்சார்கள் கிளம்புகின்றன.

இந்தக் காயப்போடுகிற சங்கதியை முதலாளியைத் தவிர யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. ஊமைக்கோட்டான் காதில் விழுந்தால் காப்பியடித்துவிடாதா?

அவரை நேரே முதலாளி அறைக்குக் கூட்டிப்போனாள். "சார், என் டிசைனைத் திருடப் பார்க்கிறார்."

"என்னய்யா இது?"

பக்கத்து மேசைக்காரர் உள்ளங்கையை விரித்தார். உப்புக்கரைசல் ஊற்றிய சின்ன ரப்பர் மூடி.

"குமிழ் காஞ்சிடுமேன்னு மூட வந்தேன் சார். இவங்க தினமும் மறந்துட்டுப் போயிடறாங்க. காலையில இவங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவேன். சொன்னா சங்கடப்படுவாங்கல்ல? அருமையான டிசைன் சார். ஒரு மறதியால பாழாப் போகலாமா?"

"தினமுமா?" அவள் குரல் இறங்கிப்போனது.

"ஒரு நாள் தவறாம. லீவு நாள்லகூட வந்து பார்த்துக்கிட்டேன்மா."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "போட்டியில தோத்தவன் செய்யற வேலையாய்யா இது! இந்த மனுஷனைப் போய்த் திருடன்னுட்டியேம்மா. முதல்ல மன்னிப்புக் கேளு, அப்புறம் பெட்டியைக் கட்டு."

அவள் அந்த மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அப்படியென்றால் அந்தக் குமிழ் ஒரு ராத்திரிகூடக் காயவே இல்லை! சிரிக்கிற முதலாளிக்கு அது உறைக்கவில்லை. ஒரு மன்னிப்போடு வாயை மூடிக்கொண்டால் காதும் காதும் வைத்த மாதிரி எல்லாம் முடிந்துவிடும்.

"மன்னிச்சிடுங்க அண்ணா" என்றாள். பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள்.

"பெட்டி கிளம்ப வேணாம் சார்."

"ஏம்மா?"

"இவர் எதையும் திருடல. காய்ஞ்சாலும் கெடாதுன்னு சொல்லி நாளைக்கு அதை வித்தா, நாமதான் திருடங்க."