டிவியில் வந்த கோழை

"சண்டை வேண்டாம். நமக்கு அதுக்கான பலம் இல்லை."

டிவியில் அக்கா இப்படிச் சொன்னதும் தையல்காரியின் கத்திரி பாதித் துணியில் நின்றுவிட்டது.

அக்கா சர்வதேச அரசியல் பேராசிரியை. எதையும் நிறுத்துப் பார்த்தே பேசுவாள் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் 'தராசு'. எந்த நாடும் முதலில் தன் பாதுகாப்பைத்தான் பார்க்கும். பலம் தெரியாமல் வீரம் பேசினால் சாவது ஊரார் பிள்ளைகள். இதுதான் அவள் நடத்தும் பாடம். யதார்த்தவாதம் என்று அதற்குப் பெயராம்.

போன வாரம் பக்கத்து நாட்டுப் படை எல்லையில் ஒரு மலைமுகட்டைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து நாடே கொதித்துக்கொண்டிருந்தது.

"நியாயம் நம்ம பக்கம் இருக்கு மேடம். உங்களுக்கு ரோஷமே இல்லையா?" என்று பாதுகாப்பு அமைச்சர் மேசையைத் தட்டினார்.

"நியாயம் நம்ம பக்கம்தான். பீரங்கி அவங்க பக்கம் இருக்கே. போய்ப் புகார் கொடுக்க, நாடுகளுக்கு மேல ஒரு போலீஸ் ஸ்டேஷனும் கிடையாது. அவங்களுக்கு நம்ம துறைமுகம் தேவைப்படுது. அதை வச்சுப் பேசுங்க, இறங்கிப் போவாங்க."

"இதுக்குப் பேர் கோழைத்தனம்" என்றார் அமைச்சர். அரங்கமே கைதட்டியது.

ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவள், "இது உங்க அக்காதானே?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தையல்காரி கூனிக்குறுகிப் போனாள். அவளுடைய ஒரே மகன் அந்த முகட்டுக்குக் கீழேதான் துப்பாக்கியோடு நிற்கிறான்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். வாசலில் கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. மதிலில் 'கோழை' என்று யாரோ சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தார்கள். சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தாள்.

"என் பையன் அங்க நிக்கிறான். அவனுக்குத் தெம்பில்லைன்னு ஊருக்கே தண்டோரா போடுற. பெத்தவ நானே பயப்படல. உனக்கென்ன வந்துச்சு?"

"அவனுக்குத் தைரியம் இல்லைன்னு நான் சொல்லலடி. மேல உக்காந்து சுடுறவனுக்கு அவன் தைரியம் கண்ணுல படாது."

"பெரிய படிப்பு படிச்சு என்ன புண்ணியம்? மனசைக் கல்லாக்கி வச்சிருக்க."

அப்போது பின்கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

"நீ கொஞ்சம் உள்ளே இரு" என்று தங்கையைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு அக்கா கதவைத் திறந்தாள்.

தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு தனியாக வந்து நின்றவரைக் கதவிடுக்கில் பார்த்த தையல்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே அமைச்சர். டிவியில் திட்டியது போதாதென்று வீடு தேடியே வந்துவிட்டாரா?

அமைச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நீங்க வகுத்துக் கொடுத்த மாதிரியே துறைமுகத்தை அவங்களுக்குத் திறந்துவிடறதா ரகசியமாப் பேசி முடிச்சாச்சு மேடம். நாளைக்கு அவங்க படை முகட்டை விட்டு இறங்குது. நம்ம பசங்க எல்லாரும் முழுசா வீடு திரும்பிடுவாங்க."

தையல்காரி கதவிடுக்கில் காதை ஒட்டிவைத்துக்கொண்டாள்.

"ஆனா வாசல்ல அந்தக் கூட்டத்தைப் பார்த்தா எனக்குக் கூசுது. நீங்க சொல்லித்தான் டிவியில அப்படித் திட்டினேன். இதெல்லாம் உங்க யோசனைதான், நீங்கதான் நாட்டைக் காப்பாத்தினீங்கன்னு நாளைக்கே சொல்லிடறேன்."

"தப்பித் தவறிக்கூட அப்படிச் சொல்லிடாதீங்க" என்றாள் அக்கா. "துறைமுகத்தை விட்டுக்கொடுத்தது எப்படியும் வெளிய வரும், ஜனங்க கொதிப்பாங்க. அந்தக் கோபம் உங்க மேல இறங்கினா, நீங்க படையை அனுப்பியே ஆகணும். எல்லாம் இந்தக் கோழை பேசிக் கெடுத்ததுதான்னு இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டுங்க. என் மேலயே இறங்கட்டும்."